தொள்ளாயிரத்துப் பன்னிரண்டரை

— அந்த ஒத்த நம்பரைத் தூக்கி எறி, மாரி. ஆயிரத்து இருபத்துநாலு கட்டத்துல ஒண்ணு போனா தாராவி முங்கிப் போவுமா?

— எறிய மாட்டேன், கரீம் பாய். வந்த நம்பரை வந்தபடி வச்சிருக்கிறதுதான் என் வேலை.

— கேட்டியா சஃபீனா? என் பட்டறையில, என் நாற்காலியில உக்காந்துகிட்டு, எனக்கே மாட்டேங்கா.

— ஃபோன் ஸ்பீக்கர்ல இருக்கு, பெரியவாப்பா. நீங்க பேசுறது மாரீஸ்வரி அக்காவுக்கும் கேக்குது.

— கேக்கட்டும்னுதானே சத்தமாச் சொல்லுதேன்.

— உங்க நாற்காலியில உக்கார்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உங்க தரையைக் கூட்டினேன், பாய். ஆணி டப்பா கவுந்து கிடந்துச்சு. மூடி ஒரு மூலையில, ஆணி நாலு மூலையில.

— அது நான்தான். செம்பூருக்குக் கிளம்புத அவசரத்துல முழங்கை தட்டிட்டு. பாதியை அள்ளிப் போட்டேனே.

— மீதிப் பாதியை நான் அள்ளினேன். ஒரு பொருள் அதது இடத்துல இருக்கணும்கிற பழக்கம் உங்க பட்டறையில ஒருத்தருக்கும் கிடையாது.

— ஆணிக்கெல்லாம் பஞ்சாயத்து வைக்காத. நேரம் போவுது. பதினொரு மணிக்கு பானுமதி டாக்டரம்மா வந்துருவாக. அவக கண்ணு முன்னால இந்த ஏற்பாடு ஓடிக் காட்டணும். இல்லன்னா, 'பாய், நீங்க பழையபடி பர்ஸ் தைங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருவாக.

— ஏற்பாடு ஓடிட்டுத்தான் இருக்கு. நீங்க அங்க கிளினிக்ல மேட் மேல ஏறி நின்னீங்க. உங்க பாதம் எந்தக் கட்டத்துல எவ்வளவு அழுத்துதுன்னு மேட் அளந்துச்சு. அந்த நம்பர் மொத்தமும் சஃபீனா கம்ப்யூட்டர்லேர்ந்து இங்க என் கம்ப்யூட்டருக்கு வந்துடுச்சு. இதை வச்சுத்தான் உங்க மெஷின் செருப்போட உள்மெத்தையைக் குடையப் போகுது. எண்பது, நூத்திப் பத்து, நூத்தி நாப்பதுன்னு எல்லாம் ஒழுங்கா இருக்கு. இடது கால், பெருவிரலுக்குப் பின்னால, ஒரே ஒரு கட்டத்துல மட்டும் தொள்ளாயிரத்துப் பன்னெண்டரை.

— அதைத்தானே நானும் கேக்கேன். என் உடம்பு மொத்தமே எழுபத்திரெண்டு கிலோ. ஒரு சுண்டுவிரல் அகலத்துல தொள்ளாயிரம் எங்கேருந்து குதிச்சிச்சு?

— மத்லப், அது கிலோ இல்ல, பெரியவாப்பா. அழுத்தம். எடம் சின்னதானா நம்பர் பெருசாகும்.

— வியாக்கியானம் வேண்டாம். லைன்ல கட்பட், ஏதோ கோளாறு. செம்பூருக்கும் தாராவிக்கும் நடுவுல எத்தனை கேபிள், எத்தனை எலி! சயான் பக்கம் எவனோ ரோட்டைத் தோண்டிக்கிட்டு இருக்கான், வரும்போது நானே பாத்தேன்.

— தோண்டினா லைன் அறுந்து போகும், பாய். நம்பர் வீங்காது.

— சரி, வீங்கல. டாக்டரம்மா இந்தத் திரையைப் பாத்து 'என்ன பாய், உங்க மெஷின் உளறுது'ன்னு ஒத்த வார்த்தை சொன்னாப் போச்சு. நாலு மாசம் நடையா நடந்து வாங்கின ஏற்பாடு. நீ ஒரு வரி எழுது. நானூறுக்கு மேல எது வந்தாலும் பொய்னு தள்ளிட்டு, பக்கத்துக் கட்டத்து நம்பரை அங்கன போட்டுக்கன்னு. ஒரு வரிதானே?

— ஒரு வரிதான். அந்த ஒரு வரியை எழுதி வச்சுட்டு, இன்னைக்கு மேட் மேல யாரை ஏத்தப் போறோம்?

— பேச்சிராஜாவை. அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஓட்டுத ஆளு.

— அவர் கால்ல என்ன?

— புண்ணு இருந்துச்சு. இப்ப ஆறிட்டு.

— சும்மா ஆறல, பெரியவாப்பா. ஏழு மாசம். நான்தான் கட்டு மாத்தினேன். சுகர்ல அவருக்குப் பாதம் மரத்துப் போச்சு. கிளட்ச் மிதிக்கிற கால் வேற.

— அந்த இடத்துல மறுபடி அழுத்தம் ஏறினா அவருக்குத் தெரியாது, பாய். வலி வந்து சொல்லாது. இந்த நம்பர்தான் வந்து சொல்லணும். பெரிய நம்பரெல்லாம் பொய்னு நான் எழுதி வச்சா, மெஷின் அந்த இடத்தைக் குடையாது. நீங்க பார்த்துப் பார்த்துத் தச்சுக் குடுத்த செருப்புலயே அவர் புண் திரும்பத் திறக்கும்.

— அது அவர் காலு. அவருக்கு வர்றது நிசமான நம்பர். எனக்கு வந்தது பொய் நம்பர். எனக்குச் சுகரும் கிடையாது, புண்ணும் கிடையாது.

— எது நிசம், எது பொய்னு நம்பர் நெத்தியில எழுதியிருக்கா?

— எழுதியிருக்கு! இப்பத்தான் பிடிபடுது. புள்ளி! தொள்ளாயிரத்துப் பன்னெண்டு புள்ளி அஞ்சு. அந்தப் புள்ளியை ஒரு எடம் இடது பக்கமாத் தள்ளு. தொண்ணூத்தொண்ணு புள்ளி ரெண்டு அஞ்சு. பக்கத்துக் கட்டமெல்லாம் அந்த ரகம்தானே? வர்ற வழியில புள்ளி நழுவிட்டு. இதுக்குப் பேரே மிதக்குற புள்ளின்னு நீதானே சொன்ன? மிதக்குறது நழுவாதா?

— வாரே வா, பெரியவாப்பா!

— நல்ல யோசனைதான், ஒத்துக்கிறேன். கேக்க அழகா இருக்கு. ஆனா தப்பு.

— எப்படித் தப்புங்குத?

— வரிசையா சொல்றேன், குறுக்க பேசாமக் கேளுங்க. நம்பர் லைன்ல புள்ளியைத் தூக்கிட்டுப் போகாது. நாலு டப்பா கோத்த ரயிலாப் போகும். ஒவ்வொரு டப்பாவுலயும் சைபர்லேர்ந்து இருநூத்தம்பத்தஞ்சுக்குள்ள ஒரு எண். புள்ளி எங்க நிக்கணும்கிறது முன் டப்பாவுலயும் அடுத்த டப்பாவோட ஓரத்துலயும் எழுதியிருக்கும். மீதியில சரக்கு.

— ரயில் கதை தெரியும். போன செவ்வாய்க்கிழமை அது தலைகீழா வந்துட்டுன்னியே.

— ரயில் தலைகீழா வரல. சஃபீனா கம்ப்யூட்டர் முன் டப்பாவை முதல்ல அனுப்புச்சு. இங்க இருக்கிறது, முதல்ல வர்றதைப் பின் டப்பான்னு எடுத்துக்கிச்சு. மாட்டுங்கா ஸ்டேஷன்ல நின்னு முதல் டப்பா எதுன்னு கேட்டா, கல்யாண் போறவர் ஒண்ணைக் காட்டுவார், சிஎஸ்டி போறவர் வேற ஒண்ணைக் காட்டுவார். ரெண்டு பேரும் பொய் சொல்லல. முன்கூட்டிப் பேசி வச்சுக்காததுதான் தப்பு.

— அன்னைக்கு எனக்கு எல்லாக் கட்டத்துலயும் சைபருக்குப் பக்கத்துல வந்துச்சு. தரையில கால் பாவாத ஜின்னு மாதிரி நிக்கேன்னு சிரிச்சீங்களே ரெண்டு பேரும்.

— சிரிச்சோம், திருத்திட்டோம். முன் டப்பாதான் முதல்லன்னு ரெண்டு பக்கமும் ஒப்புக்கிட்டாச்சு. சஃபீனா, நீ அனுப்பின பதிவு அங்க இருக்குல்ல? வரிசை இருபத்திரெண்டு, கட்டம் ஒன்பது. நாலு டப்பாவையும் படி. எனக்கு என்ன வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். முதல்ல நீ சொல்லு.

— ஏக் மினிட், அக்கா... ஹாங். அறுபத்தெட்டு. நூறு. முப்பத்திரெண்டு. சைபர்.

— இங்கயும் அறுபத்தெட்டு, நூறு, முப்பத்திரெண்டு, சைபர். இப்ப பாய் சொன்ன தொண்ணூத்தொண்ணேகால் அங்கேர்ந்து கிளம்பியிருந்தா எப்படி இருந்திருக்கும் தெரியுமா? அறுபத்தாறு, நூத்தியெண்பத்திரெண்டு, நூத்தியிருபத்தெட்டு, சைபர். மூணு டப்பா மாறணும். சயான் எலி மூணு டப்பாவையும் கடிச்சு, கணக்காத் திரும்ப ஒட்டியிருக்குமா?

— புள்ளி மட்டும் நழுவியிருந்தா?

— உள்ள எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் நடக்கும். புள்ளி ஒரு இடம் நழுவினா நம்பர் பாதியாகும், இல்ல ரெட்டிப்பாகும். பத்துல ஒரு பங்கா ஆகாது.

— நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க. நான் ஒரு நம்பர் சொல்லுதேன், சஃபீனா காதுல மட்டும். அவ அனுப்பட்டும். நீ அங்க வந்ததைப் படி. அப்ப தெரியும் உன் லைன் லட்சணம்.

— தாராளமா.

— காதைக் குடு புள்ள... ம். அனுப்பு.

— அனுப்பிட்டேன், அக்கா.

— வந்துடுச்சு. சைபர் புள்ளி ஒண்ணு. அதுக்குப் பின்னால ஏழு சைபர். அதுக்குப் பின்னால ஒண்ணு, நாலு, ஒன்பது.

— மாட்டினியா! நான் சொன்னது சைபர் புள்ளி ஒண்ணு. அவ்வளவுதான். வால் எங்கேருந்து வந்துச்சு? நான் குடுக்காத வாலு! இதுதான் உன் ஒழுங்கா, மாரி?

— அக்கா, நான் வால் எதுவும் டைப் பண்ணல. கசம் சே, சத்தியமா.

— நீ பண்ணல, சஃபீனா. பாய், உங்ககிட்ட ஒரு கத்தி இருக்குன்னு வைங்க. எந்தத் துண்டையும் சரிபாதியா மட்டும்தான் வெட்டும். பாதி, அந்தப் பாதியில பாதி, அதுல பாதி. வேற எதுவும் அதுக்குத் தெரியாது. அந்தக் கத்தியால ஒரு முழு ஆட்டுத்தோலைப் பத்து சம பாகமா வெட்டிக் குடுங்க பார்ப்போம்.

— பாதி, கால், அரைக்கால்... பத்துல ஒண்ணு வராதே. கிட்டக் கிட்ட வரும். ஒட்டாது.

— அதுதான் உங்க வால். சைபர் புள்ளி ஒண்ணை நீங்க டைப் பண்ணின அந்த நிமிஷமே, செம்பூர்லயே, அது கிட்டக் கிட்டத்தான் உக்காந்துச்சு. லைன் அதைத் தொடல. நீங்க தச்ச எந்த ஷூவுலயாவது அவ்வளவு சின்ன வால் தெரியுமா?

— தெரியாது. அது தலைமயிரை லட்சமாப் பிளந்த கதையில்லா.

— ஆனா தொள்ளாயிரத்துப் பன்னெண்டரைக்கு அந்த வால்கூட இல்ல. அரைங்கிறது பாதிதானே? உங்க கத்தி சுத்தமா வெட்டும். மேட் அளக்கிறதே கால் காலாத்தான். ஒரு பொட்டு கூடல, ஒரு பொட்டு குறையல. உங்க பாதத்துக்கு அடியில மேட் என்ன பார்த்துச்சோ, அதேதான் என் முன்னால இருக்கு.

— சரி. லைன் மேல குத்தம் இல்ல. விட்டுட்டேன். அப்ப மேட் மேல குத்தம். சஃபீனா, உங்க மேட்டு ஓட்டை.

— அரே, போன மாசம்தான் புதுசா வந்துச்சு! இருங்க, நானே நிக்கிறேன்... அக்கா, பாருங்க.

— அந்தக் கட்டத்துல தொண்ணூத்தெட்டு. சுத்தமா இருக்கு.

— அவ எறும்பு. எறும்பு ஏறினா மேட்டுக்குத் தெரியவா போவுது? நவுரு, நான் ஏறுதேன்.

— பெரியவாப்பா, நீங்க நடக்கும்போது டக் டக்னு ஒரு சத்தம் கேக்குதே, அது என்ன?

— தோல் மோஜா, காலுறை. நானே என் கையால தச்சது. தையல் முடிச்சு டைல்ஸ்ல தட்டும்.

— அதைக் கழட்டிட்டு நிக்கணும்னு காலையிலயே சொன்னேன். நீங்க கேக்கல.

— பஜர் தொழுகைக்கு ஒளு செஞ்சு, கால் கழுவிப் போட்டது. போட்டபடி இருந்தா, மேல ஈரக்கையால தடவுனாப் போதும். கழட்டினா லுஹர் தொழுகைக்கு மறுபடி காலைத் தூக்கிக் கழுவணும். இந்த முட்டி மடங்க மாட்டேங்கு. பட்டறைக்குள்ளயும் இதுதான் எனக்குச் செருப்பு. மெல்லிசுத் தோலு, இதைத் தாண்டி அழுத்தம் போவாதா என்ன?

— போகும். அதனாலதான் சஃபீனாவும் விட்டிருக்கா. நில்லுங்க, பாய்... வந்துடுச்சு. தொள்ளாயிரத்து அஞ்சே முக்கால்.

— பாத்தியா, மாறிட்டு! நிசமான நம்பர்னா மாறுமா?

— நிசமான நம்பர்னாத்தான் மாறும். நீங்க என்ன, சிமெண்ட் சிலையா? ஒவ்வொரு தடவை ஏறும்போதும் உடம்பு கொஞ்சம் சாயும். ரெண்டு தடவையும் அச்சடிச்ச மாதிரி ஒரே நம்பர் வந்திருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

— எதைச் சொன்னாலும் உன்கிட்ட ஒரு பதில் இருக்கு.

— இருக்கு. இப்ப ஒண்ணு செய்யுங்க. இறங்காமத் திரும்பி, வாசலைப் பார்த்து நில்லுங்க. மேட்ல கோளாறுன்னா, பெரிய நம்பர் பழைய கட்டத்துலயே நிக்கும்.

— கோளாறு இல்லன்னா?

— முதல்ல நில்லுங்க.

— நின்னுட்டேன். சொல்லு.

— வரிசை இருபத்திரெண்டு, கட்டம் ஒன்பது: நூத்தி நாலு. சாதாரணம். வரிசை பதினொண்ணு, கட்டம் இருபத்துநாலு: தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு.

— யா அல்லா. அக்கா, அது எந்தக் கால்?

— இடது கால்தான். பெருவிரலுக்குப் பின்னால. அதே இடம். பாய் திரும்பினதும் அதுவும் கூடவே திரும்பியிருக்கு.

— எனக்கு எலும்பு பெருசு. எங்க வாப்பாவுக்கும் அப்படித்தான்.

— எலும்பு ரெண்டு கால்லயும் உண்டு. வலது கால்ல ஒரு கட்டம்கூட நூத்தி நாப்பதைத் தாண்டல. சுகர் இல்லன்னு சொன்னீங்களே, எப்ப பார்த்தீங்க?

— எதுக்குப் பாக்கணும்? இருந்தாத்தானே பாக்கணும்?

— அக்கா, ஒரு வருஷமா இந்தக் கிளினிக்குக்கு வந்து போறாங்க. ஒரு தடவைகூட விரலை நீட்டினதில்ல. சாயில மட்டும் நாலு ஸ்பூன்.

— உழைக்கிறவன் உடம்புக்குச் சீனி வேணும். என் பாதத்தைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, இது முதலைத் தோலு. அந்தா, ஜன்னல் வழியாத் தெரியுது, டாக்டரம்மா காரு வந்துட்டு. கடைசியாக் கேக்கேன், மாரி. அழிப்பியா, மாட்டியா?

— மாட்டேன்.

— லேபர் கேம்ப்ல தண்ணிக்கு வரிசையில நின்னு வளந்த புள்ளைகளுக்கே இந்தப் பிடிவாதம் உண்டு. பேச்சிராஜாவும் வந்து வெளிய பெஞ்சுல உக்காந்துட்டாரு. டாக்டரம்மா இந்த நம்பரைப் பாத்துக் கேட்டா, நான் என்ன சொல்ல?

— சரியான நம்பர்னு சொல்லுங்க. செம்பூர்லேர்ந்து தாராவிக்குச் சிந்தாமச் சிதறாம வந்துடுச்சுன்னு சொல்லுங்க. அது உங்க கால்லேர்ந்து உங்களுக்கு வந்துச்சான்னுதான் இப்ப நான் கேக்குறேன், பாய். அந்த இடத்துல ஏதாவது உறுத்துதா?

— ஒண்ணும் உறுத்தல. பஞ்சு மேல நிக்கிற மாதிரி ஜம்முனு இருக்கு.

— மேட்டுல பஞ்சு கிடையாதே.

— மேட்டுல மட்டும் இல்ல, தரையிலயும் அப்படித்தான். மழைக்கு முன்னாலேருந்தே அப்படித்தான் இருக்கு. எத்தனை மணி நேரம் நின்னாலும் காலு கடுக்க மாட்டேங்கு. இந்த வயசுல எவனுக்கு வாய்க்கும்?

— சஃபீனா, கேட்டியா?

— கேட்டேன், அக்கா. பேச்சிராஜா அண்ணன் முதல் நாள் வந்தப்ப இதையேதான் சொன்னார். பெரியவாப்பா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இடது காலை நீட்டி என் மடியில வைங்க.

— டாக்டரம்மா வர்ற நேரத்துல என்னது இது? மோஜாவைக் கழட்டாத, சொல்லிட்டேன்.

— கழட்டல. பாதத்தை மட்டும் என் பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம்... மாரி அக்கா.

— சொல்லு.

— காலையில கூட்டி அள்ளினீங்களே, கவுந்து கிடந்த அந்த டப்பா.

— ஆமா. இங்க மேசை மேலதான் இருக்கு.

— அதுல ஒண்ணு குறையும்.

— எங்க இருக்கு?

— வரிசை இருபத்திரெண்டு, கட்டம் ஒன்பது.

— என்னத்த ரெண்டு பேரும் குசுகுசுங்கீங்க? டாக்டரம்மா படியேறுத சத்தம் கேக்கு. காலை விடு புள்ள.

— ரெண்டு நிமிஷம், பெரியவாப்பா. பேச்சிராஜா அண்ணனுக்குச் செய்யிற அதே டெஸ்ட்தான். கண்ணை மூடிக்கோங்க. நான் தொட்டதும் சொல்லணும்.

— இது ஒரு டெஸ்டா? சரி, மூடிட்டேன்.

— சஃபீனா, நிதானமா. பிடுங்கிடாதே. டாக்டர் வரட்டும்.

— இல்ல, அக்கா. ரெண்டு விரலால அதோட தலையைப் புடிச்சிருக்கேன். என் விரலெல்லாம் ஈரமாயிடுச்சு. பெரியவாப்பா... வலிக்குதா?

— நல்லாக் கேக்குத போ! மொதல்ல காலைத் தொடு புள்ள, அப்புறம் கேளு.